வாசகர் கேள்வி – பதில்: கோடிட்ட இடமும் கொடுத்த சொல்லும்

ஆங்கிலத் தேர்வுகளில் வரும் சொல்லாக்கம், பத்தி வாசித்து விடையளித்தல் ஆகிய இரண்டைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த முறை பதில். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். ஸ்பெல்லிங் முக்கியமான இடத்தில் எழுத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறோம். ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.

கேள்வி: கேம்பிரிட்ஜின் பி-2 ஃபர்ஸ்ட் தேர்வுக்குத் தயாராகிறேன். மூன்றாம் பகுதியில், கொடுத்த சொல்லை மாற்றிக் கோடிட்ட இடத்தில் எழுதச் சொல்கிறார்கள். 8-க்கு 4 அல்லது 5-ஐத் தாண்ட முடியவில்லை. இத்தனைக்கும் சொற்குடும்பப் பட்டியல் முழுக்க மனப்பாடம். எங்கே தவறுகிறேன்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பட்டியல் தெரிந்தும் மதிப்பெண் வரவில்லை என்றால், வரியின் ஓரத்தில் இருக்கும் சொல்லைத்தான் நீங்கள் முதலில் பார்க்கிறீர்கள். ‘எம்ப்ளாய்’ என்று கண்ணில் பட்டதுமே எம்ப்ளாயர், எம்ப்ளாயீ, எம்ப்ளாய்மென்ட் என்று பட்டியல் ஓட ஆரம்பித்துவிடும். அதில் வாய்க்குப் பழகியதைக் கை எழுதிவிடும். கோடிட்ட இடம் என்ன கேட்கிறது என்று யாரும் கேட்கவே இல்லை.

தமிழில் ‘நாய் பூனையைத் துரத்தியது’ என்றாலும் ‘பூனையை நாய் துரத்தியது’ என்றாலும் துரத்தியது நாய்தான். ‘ஐ’ உருபு காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது இடம். ஒரு சொல் பெயரா, பெயரடையா, வினையடையா என்பதைப் பெரும்பாலும் அது உட்கார்ந்திருக்கும் இடமே சொல்லிவிடும். ஆகவே வலது ஓரத்தை ஒரு ஸ்கேலால் மூடிவிடுங்கள். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை வாசியுங்கள், ஒரு நிமிடம் போதும். பிறகு ஒவ்வொரு கோட்டின் மேலும் பென்சிலால் பெ, அடை, வி.அடை என்று குறியுங்கள். அதற்குப் பிறகுதான் ஸ்கேலை எடுக்க வேண்டும்.

‘ஏ ____ சீப் ஹோட்டல்’ என்று ஒரு வரி, ஓரத்தில் ‘சர்ப்ரைஸ்’. ‘ஏ’ வந்திருக்கிறது, பின்னால் ஹோட்டல் இருக்கிறது, நடுவில் பெயரடைதானே என்று ‘சர்ப்ரைஸிங்’ எழுதுபவர்கள் ஏராளம். ஆனால் கோட்டை அடுத்து இருப்பது ஹோட்டல் அல்ல, சீப். அதுவே பெயரடை. பெயரடைக்கு முன்னால் நின்று ‘எவ்வளவு மலிவு’ என்று சொல்ல வேண்டியது வினையடை. விடை ‘சர்ப்ரைஸிங்லி’. கோட்டுக்கு இருபுறமும் ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் விழுவோம்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் கோடு, உடனே ஒரு கமா என்றால் அதுவும் பெரும்பாலும் வினையடைதான். அங்கே கண்ணி வேறு. ஓரத்தில் ‘ஃபார்ச்சூன்’ இருக்கிறது. அதிர்ஷ்டவசமாகவா, துரதிர்ஷ்டவசமாகவா? கடைசி பஸ் போய்விட்டது, நடந்தே வீட்டுக்குப் போனோம் என்று அடுத்த வரி சொன்னால் ‘அன்ஃபார்ச்சுனேட்லி’. முன்னொட்டு ஒன்று, பின்னொட்டு இரண்டு, ஒரே கோட்டில் மூன்று மாற்றம். அடுத்த வரியைப் படிக்காதவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது. பன்மையும் அப்படியே. ‘த ____ ஆஃப் த ஐலண்ட் ஆர் ஃபிஷர்மென்’ என்ற வரிக்கு ‘இன்ஹேபிட்’ கொடுத்தால், அந்த ‘ஆர்’ உங்களிடம் ‘இன்ஹேபிட்டன்ட்ஸ்’ என்று எஸ் போடச் சொல்கிறது. எஸ் இல்லையென்றால் மதிப்பெண்ணும் இல்லை.

தாள் முழுவதற்கும் 75 நிமிடம், 7 பகுதிகள், 52 கேள்விகள். மூன்றாம் பகுதியில் கேள்விக்கு 1 மதிப்பெண். அடுத்து வரும் நான்காம் பகுதியில் கேள்விக்கு 2 வரை உண்டு. ஆகவே இங்கே 8, 9 நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். தவறான விடைக்குக் கழிவு கிடையாது, ஒரு கோட்டையும் காலியாக விடாதீர்கள்.

தவறுகளை ஒரு நோட்டில் எழுதும்போது சரியான விடையை மட்டும் எழுதி வைப்பதில் பயன் குறைவு. பக்கத்தில் காரணத்தையும் எழுதுங்கள்: இடம், எதிர்மறை, பன்மை, ஸ்பெல்லிங் என்ற நான்கில் ஒன்று. பத்துப் பயிற்சி, அதாவது 80 கோடுகள் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். உங்கள் நோய் எது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எதிர்மறைக்கு அன், இன், இம், இல், இர், டிஸ் என்று இத்தனை இருக்கின்றன. எதற்கு எது என்று ஒரே விதி உண்டா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒரே விதி இல்லை. ஆனால் ஆறையும் தனித்தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. இன், இம், இல், இர் நான்கும் ஒன்றுதான். மரம் + கள் ‘மரங்கள்’ ஆகிறது, தினம் + தோறும் ‘தினந்தோறும்’ ஆகிறது அல்லவா? வருகிற எழுத்துக்கு ஏற்ப மகரம் திரிகிறது. அதே புணர்ச்சிதான் அங்கேயும். பி, எம் ஒலிகளுக்கு முன்னால் இன் ‘இம்’ ஆகிறது: இம்பாசிபிள், இம்பேலன்ஸ், இம்மெச்சூர். எல் முன்னால் இல்லீகல், ஆர் முன்னால் இர்ரெகுலர்.

‘அன்’ இப்படித் திரியாது. அன்பிளசன்ட், அன்லிமிடெட், அன்ரிலையபிள் என்று எல்லாவற்றின் முன்னும் அப்படியே நிற்கும். எனவே ‘பி-யில் தொடங்கினால் இம்’ என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் அதைப் பாதிதான் நம்பலாம். இன் எடுக்கும் சொற்களுக்குத்தான் அது பொருந்தும். எந்தச் சொல் இன் எடுக்கும், எது அன் எடுக்கும் என்பதைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

இதில் தேர்வுக்கு வாகான ஒரு குழி உண்டு. சில சொற்கள் பெயரடையாக இருக்கும்போது அன், பெயர்ச்சொல் ஆனதும் இன். அனேபிள், ஆனால் இனெபிலிட்டி. அன்ஈக்வல், ஆனால் இனிக்வாலிட்டி. அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டெபிலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். இந்த நான்கு ஜோடியையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

ஒட்டும்போது எந்தப் பக்கத்து எழுத்தையும் தின்னக் கூடாது. டிஸ் + அப்பியர் என்றால் ஒரே எஸ்தான். டிஸ் + சாட்டிஸ்ஃபைடு என்றால் இரண்டு எஸ். மிஸ் + ஸ்பெல், அதற்கும் இரண்டு. அன் + நெசசரி என்றால் இரண்டு என். இந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே பாதி ஸ்பெல்லிங் தவறுகள் நிற்கும்.

கேள்வி: டேங்கர் லாரியில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருக்கிறது. ‘இன்’ எதிர்மறை என்றால் தீப்பிடிக்காது என்றல்லவா பொருள்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தீப்பிடிக்கும் என்றுதான் பொருள், பீடியை அணைத்துவிடுங்கள். இந்த ‘இன்’ எதிர்மறை இல்லை, ‘உள்ளே’ என்ற பொருளில் லத்தீனிலிருந்து வந்தது. ஃப்ளேமபிள் என்றாலும் அதே பொருள்தான். தீப்பிடிக்காததற்கு நான்-ஃப்ளேமபிள் என்பார்கள். இதேபோல ‘இன்வேல்யுவபிள்’ என்றால் மதிப்பில்லாதது என்று எண்ணிவிடாதீர்கள், விலைமதிப்பற்றது என்று பொருள். ‘இன்ஃபேமஸ்’ என்பவர் புகழ் இல்லாதவர் அல்லர், கெட்ட பெயர் எடுத்தவர்.

கேள்வி: விடைச் சொல் தெரிகிறது, ஸ்பெல்லிங்கில் கோட்டை விடுகிறேன். கடைசி எழுத்தை எங்கே இரட்டிப்பது? ‘ப்ரிஃபர்டு’ என்பதில் இரண்டு ஆர், ‘ப்ரெஃபரன்ஸ்’ என்பதில் ஒரே ஆர். ஏன்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: உங்கள் காது சொல்லும். ப்ரிஃபர் என்னும்போது அழுத்தம் கடைசி அசையில். ப்ரிஃபர்டு என்றாலும் அங்கேயே நிற்கிறது, அதனால் ஆர் இரட்டிக்கிறது. ப்ரெஃபரன்ஸ் என்றதும் அழுத்தம் முதல் அசைக்குத் தாவிவிட்டது, இரட்டிப்பும் போய்விட்டது. ரெஃபர், ரெஃபர்டு, ரெஃபரன்ஸ் அப்படியே. அக்கர் என்பதிலிருந்து வரும் அக்கரன்ஸ் சொல்லில் அழுத்தம் நகரவில்லை, ஆகவே அங்கே இரண்டு ஆர். டெவலப் சொல்லில் அழுத்தம் நடு அசையில், ஆகவே டெவலப்பிங்கில் ஒரே பி. இந்த விதிக்கு முடிவில் ஒரே உயிரெழுத்தும் ஒரே மெய்யும் இருக்க வேண்டும், ஒட்டுவதும் உயிரில் தொடங்க வேண்டும். தமிழில் அழுத்தம் மாறினால் பொருளோ எழுத்தோ மாறுவதில்லை. அதனால் நமக்கு இது காதில் விழுவதே இல்லை. அகராதியில் அழுத்தக் குறி எங்கே இருக்கிறது என்று பார்த்து, மேசையில் தட்டிச் சொல்லிப் பழகுங்கள். ‘டிராவலர்’ மட்டும் தனிக் கதை: பிரிட்டிஷ் முறையில் இரண்டு எல், அமெரிக்க முறையில் ஒன்று.

கடைசி ‘ஈ’ பற்றி. உயிரில் தொடங்கும் ஒட்டு வந்தால் அது பொதுவாக விழும், மெய்யில் தொடங்கினால் நிற்கும். கிரியேஷனில் விழுந்தது, எக்சைட்மென்ட்டில் நின்றது. ஆர்க்யுமென்ட், ட்ரூலி இரண்டும் விதியை மீறி ஈ-யை விட்டுவிட்டவை. கரேஜியஸ், நோட்டீசபிள் இரண்டிலும் உயிர் வந்தும் ஈ நிற்கிறது. எடுத்துவிட்டால் ஜி, சி இரண்டின் ஒலியும் ‘க’ பக்கம் கடினமாகிவிடும்.

உள்ளேயே உருமாறும் சொற்களுக்கு விதி தேடாதீர்கள். ப்ரொனவுன்ஸ் சொல்லில் உள்ள ஓ ‘ப்ரொனன்சியேஷன்’ ஆகும்போது காணாமல் போகும். மெயின்டெய்ன், மெயின்டனன்ஸ், எக்ஸ்ப்ளெய்ன், எக்ஸ்ப்ளனேஷன், ஸ்ட்ராங், ஸ்ட்ரெங்த், ஹை, ஹைட். பத்து முறை எழுதினால் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: பிரிட்டிஷ் ஸ்பெல்லிங்கா, அமெரிக்க ஸ்பெல்லிங்கா?
– வாசகர், சேலம்

பதில்: கேம்பிரிட்ஜ் தேர்விலும், வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்விலும் இரண்டும் செல்லும். ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் வாசிப்பில் ‘ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்’ கேள்விகள்தான் என்னைக் கவிழ்க்கின்றன. ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை.
– செவிலியர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் மட்டுமில்லை, நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் கவிழும் இடம் இது. ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பத்தி இப்படிச் சொல்கிறது: ‘சொட்டுநீருக்கு மாறிய விவசாயிகளில் பெரும்பாலோர் தண்ணீர்க் கட்டணம் குறைந்ததாகச் சொன்னார்கள். குழாய்களைப் பராமரிக்கும் செலவு அதிகம் என்று சிலர் குறைப்பட்டார்கள்.’

முதல் கூற்று: ‘பராமரிப்புச் செலவைப் பற்றிச் சிலர் திருப்தியாக இல்லை.’ சொல் வேறு, செய்தி அதே. ட்ரூ.

இரண்டாவது: ‘பராமரிப்புச் செலவைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.’ பத்தியில் ‘சிலர் குறைப்பட்டார்கள்’ என்று எதிராகவே இருக்கிறது. ஃபால்ஸ்.

மூன்றாவது: ‘சொட்டுநீரால் விளைச்சல் கூடியது.’ கூடியிருக்கலாம். நமக்கே தெரிந்த சங்கதியாகக்கூட இருக்கலாம். பத்தியில் விளைச்சல் என்ற பேச்சே இல்லை. நாட் கிவன்.

நான்காவதுதான் சூழ்ச்சி: ‘பெரும்பாலான விவசாயிகள் சொட்டுநீருக்கு மாறினார்கள்.’ ‘பெரும்பாலோர்’ இருக்கிறது, ‘மாறிய’ இருக்கிறது, விவசாயியும் இருக்கிறார். கை தானாக ட்ரூ எழுதப் போகும். ஆனால் பத்தி சொல்வது ‘மாறியவர்களில் பெரும்பாலோர்’. மொத்த விவசாயிகளில் எத்தனை பேர் மாறினார்கள் என்று அது சொல்லவில்லை. நாட் கிவன்.

ஃபால்ஸ் எழுதுவதற்கு முன் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். கூற்றை மறுக்கும் சொற்களைப் பத்தியில் அடிக்கோடிட முடிகிறதா? முடிந்தால் ஃபால்ஸ். அடிக்கோடிட எதுவும் அகப்படவில்லை, ஆனாலும் தவறு என்று மனம் சொல்கிறது என்றால், அங்கே பேசுவது பத்தி இல்லை, உங்கள் பொது அறிவு. இன்னொரு சௌகரியம்: இந்த வகைக் கேள்விகள் பத்தியின் வரிசையிலேயே வரும். 4-ஆம் விடை மூன்றாம் பாராவிலும் 6-ஆம் விடை நான்காம் பாராவிலும் கிடைத்துவிட்டால், 5-ஐ அந்த இடைவெளியில் மட்டும் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் நாட் கிவன் எழுதிவிட்டு நகருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வரியையும் மனத்துக்குள் தமிழாக்கித்தான் வாசிக்கிறேன். மூன்றாவது பத்திக்கு நேரமே இருப்பதில்லை.
– வாசகர், மதுரை

பதில்: ஐஇஎல்டிஎஸ் வாசிப்புக்கு 60 நிமிடம், 3 பத்திகள், 40 கேள்விகள். தாளில் எழுதுபவர்களுக்கு விடையை மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது. பத்திகள் போகப்போகக் கடினமாகும் என்பதால் நேரத்தைச் சமமாகப் பிரிக்காமல் 16, 20, 24 என்று பிரித்துப் பாருங்கள்.

தமிழாக்குவது பாவமில்லை, ஆனால் எல்லா வரியையும் ஆக்காதீர்கள். ஒவ்வொரு பாராவிலும் முதல் வரியைக் கவனமாகவும் மற்றதை ஓட்டமாகவும் வாசித்து, ஓரத்தில் தமிழில் இரண்டே சொல் எழுதுங்கள்: ‘செலவுப் பிரச்சினை’, ‘எதிர்ப்பாளர்கள்’ என்பது போல. கேள்விக்கான வரியை அடைந்த பிறகு அந்த வரியை மட்டும் சொல் சொல்லாக உடைக்கலாம்.

தெரியாத சொல் வந்தால் சொல்லாக்கம் கைகொடுக்கும். ‘அன்ஃபோர்சீயபிள்’ என்று பார்த்ததும் மிரள வேண்டாம். நடுவில் ‘சீ’, அதாவது பார். ‘ஃபோர்’ என்றால் முன்பே. ‘ஏபிள்’ என்றால் முடிவது. ‘அன்’ எதிர்மறை. முன்கூட்டியே பார்க்க முடியாதது.

ஓர் எச்சரிக்கை. பத்தியிலிருந்து சொல்லை எடுத்துக் காலி இடத்தை நிரப்பச் சொல்லும் கேள்வியில் சொல்லை மாற்றாமல் அப்படியே எடுத்து எழுதுங்கள். சொல்லாக்கம் பழகிய கை அங்கேயும் ‘மென்ட்’, ‘னெஸ்’ ஒட்டப் பார்க்கும். இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்றிருந்தால் மூன்றாவது சொல் மொத்த விடையையும் கெடுத்துவிடும்.

கேள்வி: மாணவர்களுக்கு நானே பயிற்சித் தாள் தயாரிக்க விரும்புகிறேன். எப்படி?
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: ஆங்கிலச் செய்தித்தாளில் 150 சொல் அளவில் முழுமையான ஒரு துண்டை எடுங்கள். அரசியல் செய்தி வேண்டாம், பெயர்களே பாதியை அடைத்துக்கொள்ளும். பயணம், உணவு, விலங்குகள் நன்றாக அமையும். ஒட்டு உள்ள 8 சொற்களை நீக்கி, வேர்ச்சொல்லை வரியோரத்தில் எழுதுங்கள். எட்டில் பெயர்ச்சொல் மூன்று, பெயரடை மூன்று, வினையடை இரண்டு இருக்கட்டும். அவற்றுள் ஒன்றாவது எதிர்மறையாக, ஒன்றாவது பன்மையாக அமைய வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு கோட்டுக்கு மேல் போட்டால் இடம் பார்க்கவே வழியிருக்காது.

பிறகு விடை தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். ‘ஹீ ஈஸ் ஏ ____ டிரைவர்’ என்று மட்டும் இருந்தால் கேர்ஃபுல்லும் பொருந்தும், கேர்லெஸ்ஸும் பொருந்தும். தீர்மானிக்கும் குறிப்பு அடுத்த வரியிலாவது இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தக் கோட்டை நீக்கிவிடுங்கள். திருத்தும்போது விடையைச் சொல்லாமல், எந்தச் சொல்லைப் பார்த்து இதைத் தேர்ந்தாய் என்று கேட்டு, அந்தச் சொல்லில் மாணவரையே வட்டமிடச் சொல்லுங்கள். அதே தாளை ஒரு வாரம் கழித்து, வேர்ச்சொல் இல்லாமல் கோடுகளோடு மட்டும் மறுபடி கொடுங்கள்.