யூடியூப்பில் கேட்டுப் பாடமாக்கினால் போதாதா?

கேள்வி: நான் இங்கே சர்ச் கொயரில் பாடுகிறேன். கொழும்பில் மேடையேறப்போகும் மொஸார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமணம்’ ஒப்பராவில் பார்பரீனா பாத்திரம் கிடைத்திருக்கிறது. யூடியூப்பில் கேட்டுக் கேட்டே பாடமாக்கிவிட்டேன். பியானோ வாசிப்பவரோ நோட்டும் பிழை, தாளமும் பிழை என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, பாலையூற்று, திருகோணமலை

பதில்: முதலில் யூடியூப்பை மூடுங்கள். கூத்தும் கேட்டுத்தான் பழகுகிறார்கள், சரி, ஆனால் அண்ணாவியார் பிழை விட்ட இடத்திலேயே நிறுத்துவார், யூடியூப் நிறுத்தாது. அந்தப் பாடகி மூச்சுக்காக ஒரு நோட்டைச் சுருக்கியிருப்பார், இன்னொன்றை ஆசைக்கு இழுத்திருப்பார், நீங்கள் அதையும் மொஸார்ட் எழுதியதென்று பாடமாக்கியிருப்பீர்கள். பழைய காலத்து வாத்தியங்களோடு பதிவானது என்றால் சுருதியே கொஞ்சம் கீழே இருக்கும்.

மொஸார்ட்டின் படைப்புகளைப் பதிப்பிக்கும் சால்ஸ்பர்க் மொஸார்ட்டியம் நிறுவனம் தன் பதிப்பின் ஸ்கோரை, அதாவது எல்லோருடைய நோட்டும் எழுதியிருக்கும் புத்தகத்தை, இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அதை எடுத்து, நாலாம் அங்கத் தொடக்கத்தில் ஊசியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். 1786இல் வியன்னாவில் அதை முதலில் பாடியவளுக்கு 12 வயதுதான், பயப்படாதீர்கள். ராகத்தை விட்டுவிட்டு, 6/8 தாளத்தைக் கையால் தட்டிக்கொண்டு வரிகளை வெறுமனே பேசுங்கள். கொழும்பு ரயிலில்கூட முணுமுணுக்கலாம், பக்கத்தில் இருப்பவர் ஒருமாதிரிப் பார்த்தால் பார்க்கட்டும். பிறகு கீபோர்டில் நோட்டைப் பிடித்து சொல் இல்லாமல் ‘ஆ’ என்று பாடுங்கள். இரண்டும் தனித்தனியே சரி வந்தபிறகு சேருங்கள்.

இத்தாலிய வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பதாக இருந்தால் அதையும் விடுங்கள். முதல் வரியின் ‘பெர்தூதா’வையே பாருங்கள்: தூ, ‘பந்து’வில் வருவதுபோல மென்மையாக விழவேண்டும், கடைசித் தா, ‘தாத்தா’வின் முதலெழுத்துப்போல அழுத்தமாக. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே ‘த’தான், பழக்கதோஷத்தில் கடைசித் தாவும் மெலிந்துவிடும்.

ஆனால் உண்மையான சோதனை அந்தப் பாட்டில் இல்லை. நாலாம் அங்க முடிவில் எல்லோரும் சேர்ந்து பாடும்போது உங்கள் வரியை எந்தப் பதிவிலும் பிரித்துக் கேட்க முடியாது, ஸ்கோர்தான் ஒரே வழி. அப்புறம் ரெசிட்டேட்டிவ், அதாவது பாட்டுகளுக்கு இடையே பேசுவதுபோலப் பாடும் பகுதி. அங்கே ஒரே சுரத்தில் இரண்டு நோட் எழுதியிருந்தாலும் முதலாவதை ஒரு படி மேலே பாடுகிற வழக்கம் உண்டு. எங்கெங்கே என்பதை நடத்துனரிடம் கேட்டுப் பென்சிலால் குறியுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். ஃபிகரோவின் வரிகளையும் சேர்த்தே படியுங்கள், அவர் எங்கே முடிக்கிறார் என்று தெரியாமல் நீங்கள் எங்கே எடுப்பீர்கள்?