ஆர்.ஓ. மெம்பிரேன் பழுதானதற்கு வாடிக்கையாளர்தான் பொறுப்பா?

கேள்வி: தாம்பரம் அருகே வசிக்கிறோம், வீட்டுக்குப் போர்வெல் தண்ணீர்தான். ஆர்.ஓ. இயந்திரத்துக்கு, மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) உட்பட உதிரிபாகங்களும் சேர்ந்த ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டிருக்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்பது நிபந்தனை. சில வாரங்களாகத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, டேங்க் நிறைய மணிக்கணக்கில் ஆகிறது. புகார் செய்தபோது, "அறிகுறி தெரிந்தவுடனே ஏன் சொல்லவில்லை? உங்கள் அலட்சியத்தால்தான் மெம்பிரேன் போனது" என்று கூறிப் பணம் கேட்கிறார்கள். சர்வீஸ் கார்டின் நகலை இணைத்துள்ளேன். வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் நிறுவனம் சொல்வதில் ஓரளவு நியாயம் இருப்பதால், அதை முதலில் பார்த்துவிடுவோம். சுவை மாறுவது, டேங்க் நிறையத் தாமதமாவது, மோட்டார் நிற்காமல் ஓடுவது, வெளியே மாட்டியுள்ள ஃபில்டர் கேண்டில் செம்மண் நிறமாவது ஆகியவை வீட்டில் இருப்பவருக்கே தெரியக்கூடியவை. இவற்றைக் கண்டும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தால், இழப்பீட்டைக் குறைக்க அது காரணமாகலாம். நீங்கள் சில வாரங்களில் புகார் செய்துவிட்டீர்கள். மேலும், மெம்பிரேன் சிறிது சிறிதாகத் தளர்வதை நாக்கு உணராது, நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை (டிடிஎஸ்) அளக்கும் மீட்டர்தான் காட்டும். அந்த மீட்டருடன் ஆள் வர வேண்டும் என்பதற்காகவே ஒப்பந்தத்தில் காலாண்டு சர்வீஸ் எழுதப்படுகிறது.

உங்கள் கார்டின் முதல் வரியில், இயந்திரம் மாட்டிய அன்று டிடிஎஸ் அளவு உள்ளே வரும் நீரில் 1,450, வெளிவரும் நீரில் 85 என்று குறித்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு சர்வீஸ் வரிகளில் எண்ணே இல்லை. "ஓகே" என்ற சொல்லும் பக்கத்தில் உங்கள் கையெழுத்தும்தான் உள்ளன. காலிக் கட்டத்துக்கு எதிரே கையெழுத்திட்டது உங்கள் தவறு. என்றாலும், அளந்து பார்த்ததாகச் சொல்ல நிறுவனத்திடமும் சான்று இல்லை. ஒப்பந்தப்படி செய்ய ஏற்றுக்கொண்ட பணியில் ஏற்படும் குறையும், நுகர்வோருக்கு இழப்பு உண்டாக்கும் கவனக்குறைவும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு ஆகும்.

கடைசியாக வந்த டெக்னீசியன் வெளிவரும் நீருக்கு 460 என்று குறித்திருக்கிறார். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 10500 எண் குடிநீர்த் தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பதால், தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர்கள் வாதிடுவார்கள். அந்த வாதத்துக்குள் நீங்கள் போகவே வேண்டாம். உப்பில் ஏறத்தாழ 94 விழுக்காட்டை நீக்கிய இயந்திரம் இன்று சுமார் 68 விழுக்காட்டைத்தான் நீக்குகிறது என்பதே உங்கள் வழக்கு. ஆனால் இந்தக் கணக்கு, போர்வெல் நீர் இன்றும் 1,450 ஆகவே இருந்தால்தான் நிற்கும். கோடையில் அது ஏறியிருக்கலாம். ஆகவே இரண்டு நீரையும் ஒரே நாளில், டெக்னீசியன் முன்னிலையில் அளந்து, கார்டில் எழுதி வாங்குங்கள். டிடிஎஸ் கன்ட்ரோலர் வால்வு திறந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள். அது திறந்திருந்தாலும் சுத்திகரிக்காத நீர் கலந்து எண் உயரும்.

பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நுகர்வோர் ஆணையத்துக்கு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டிலுக்குச் சான்று மதிப்பு ஏதும் இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பெறும் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. தேவைப்பட்டால், அதே சட்டத்தின் பிரிவு 38(2)(இ)-இன்கீழ் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது என்பதால், நாற்றமும் இருந்தால் நுண்ணுயிர்ப் பரிசோதனையைத் தனியாகக் கேளுங்கள்.

பழைய மெம்பிரேனை அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தம், கார்டு, புகார் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, 15 நாள் அவகாசத்துடன், ஒப்புகைச் சீட்டோடு அறிவிப்பு அனுப்புங்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம். பலன் இல்லையெனில், செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை.

கட்டணமின்றி மெம்பிரேன் மாற்றித் தருவது, நடக்காத சர்வீஸுக்கு உரிய தொகை, மன உளைச்சலுக்கு மிதமான இழப்பீடு, கேன் தண்ணீர்ச் செலவு ஆகியவற்றைக் கோரலாம். ரசீது இல்லாத நாட்களின் கேன் தண்ணீருக்கு மட்டும் பணம் கேட்க வேண்டாம். எதிர்த்தரப்பு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.