தமாலே வண்டிக்காரர்களுக்காகச் சட்டமன்றத்தில் பேசலாமா?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, குவாதமாலாவிலிருந்து வந்தவர்கள். தள்ளுவண்டியில் தமாலேயும் (மக்காச்சோள மாவில் ஆவியில் வேகவைத்த பண்டம்) நறுக்கிய பழமும் விற்கிறார்கள். ‘ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட) சிறு வணிகர்களுக்கு உதவுங்கள்’ என்று கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில், மாநிலச் சட்டமன்றத்தில் கோரிக்கை வைக்க அவர்களுடைய சங்கம் விரும்புகிறது. நானும் உடன் போகலாமா? லாபி செய்தால், அதாவது சட்டத்தை மாற்றும்படி உறுப்பினர்களிடம் வலியுறுத்தினால், சங்கத்தின் வரிவிலக்கு போய்விடுமா? குடியுரிமை இல்லாதவர்கள் பேசலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் கோரிக்கையை முதலில் மாற்றுங்கள். ‘உதவுங்கள்’ என்றால் எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவைத் திருத்துவது என்று சட்டமன்ற உறுப்பினருக்குத் தெரியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. 1996ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 209வது முன்மொழிவின்படி, கலிபோர்னியாவில் அரசு ஒப்பந்தங்களில் இனத்தைப் பார்த்து முன்னுரிமை தரக்கூடாது. 2020ல் அதை நீக்க வாக்கெடுப்பு நடந்தது, தோற்றது. அதனால் இனத்தின் பெயரில் கேட்காமல் தொழிலின் பெயரில் கேளுங்கள். பலன் அதே மக்களுக்குத்தான் போய்ச் சேரும்.

உங்கள் வியாபாரிகளுக்கு முன்னால் போனவர்கள் இதைத்தான் செய்தார்கள். 2018ல் செனட்டர் ரிக்கார்டோ லாரா கொண்டுவந்த எஸ்பி 946 (மாநில செனட் மசோதா எண் 946) நடைபாதை வியாபாரத்தைக் குற்றவழக்கிலிருந்து எடுத்துவிட்டது. விதிமீறலுக்கு அபராதம் உண்டு, சிறை இல்லை. அதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. சுகாதாரம், பாதுகாப்பு, பொதுநலன் சார்ந்த தெளிவான காரணம் இருந்தால்தான் நகரம் கட்டுப்பாடு விதிக்க முடியும். அக்கம்பக்கத்தாரின் வெறுப்போ, பக்கத்துக் கடைக்கான போட்டியோ அப்படிப்பட்ட காரணமாகாது என்று சட்டமே சொல்கிறது. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஹாலிவுட் பூல்வார்டு போன்ற இடங்களில் வியாபாரத்துக்குத் தடை போட்டிருந்தபோது, வியாபாரிகள் 2022ல் வழக்குத் தொடுத்தார்கள். 2024ல் அந்தத் தடைப் பகுதிகளை நகரம் கைவிட்டது.

ஆனாலும் உணவு விற்பவர்களுக்கு விடிவு வரவில்லை. அவர்களுக்குக் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகம்) சுகாதாரத் துறையின் அனுமதி தேவை. அதற்கான விதிகள் மாநில உணவுச் சட்டத்தில் இருந்தன. பாத்திரம் கழுவ மூன்று தொட்டி வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நடைபாதையில் ஒருவர் தள்ளிப் போகும் வண்டியில் மூன்று தொட்டியை எங்கே வைப்பது? வியாபாரிகள் இப்படி ஒவ்வொரு நிபந்தனையாக எடுத்துக்காட்டினார்கள். 2022ல் செனட்டர் லேனா கொன்சாலஸின் எஸ்பி 972 சிறிய வண்டிகளுக்கென்று தனி வகை ஏற்படுத்தி இவற்றைத் தளர்த்தியது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? கணக்கு உங்கள் கையில் இருக்கிறது, அதுதான் உங்கள் பலம். பத்து வியாபாரிகளிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த அனுமதி நின்றுபோனது, எவ்வளவு கட்டணம், எத்தனை நாள் வியாபாரம் போனது என்று எழுதுங்கள். அப்புறம் அந்தச் சிக்கல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். நடைபாதை இடம் என்றால் நகர மன்றம், சுகாதார அனுமதி என்றால் கவுன்டி, அதன் பின்னாலுள்ள விதி என்றால் சாக்ரமென்டோ. கவுன்டி எழுத்தர் தாமதிப்பதைச் சட்டமன்றத்தில் போய்ச் சொன்னால் ஒரு பயணம் வீணாகும்.

மாநில மசோதாக்களைப் பிப்ரவரியில் கெடு முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதனால் இலையுதிர் காலத்திலேயே உங்கள் பகுதி உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். கமிட்டி விசாரணையில் மசோதாவை ஆதரிக்கும் முக்கியச் சாட்சிகளுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். மற்றவர்கள் பெயர், சங்கம், ஆதரவு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஆகவே விவரங்களைக் கடிதமாக எழுதிச் சில நாள் முன்பே அனுப்புங்கள். மாநில அரசுக்குக் கணிசமான செலவு வைக்கும் மசோதா நிதி ஒதுக்கீட்டுக் கமிட்டியின் ‘சஸ்பென்ஸ்’ (நிறுத்திவைப்பு) பட்டியலுக்குப் போகும். பட்டியலை எடுத்து முடிவு சொல்லும் நாளில் யாரையும் பேச விடமாட்டார்கள். பல நல்ல மசோதாக்கள் அங்கேதான் நின்றுபோகின்றன. செலவைக் குறைக்கும் யோசனையை அதற்கு முன்பே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரிவிலக்கு பற்றிய பயம் பரவலானது, அதனாலேயே பல சங்கங்கள் வாயைத் திறப்பதில்லை. 501(சி)(3) சங்கம், அதாவது அறக்கட்டளை போல வரிவிலக்கு பெற்ற சங்கம், அளவோடு லாபி செய்யலாம், வேட்பாளரை ஆதரிக்கத்தான் கூடாது. மத்திய அரசின் வரித்துறையான ஐஆர்எஸ்ஸில் 5768 என்ற சிறிய படிவத்தைக் கொடுத்தால் அளவு தெளிவாகிவிடும். செலவில் முதல் 5 லட்சம் டாலர் வரை 20 சதவீதம் லாபி வேலைக்குப் போகலாம். சம்பளம் வாங்காத தன்னார்வலரின் நேரம் அந்தக் கணக்கில் வராது. நீங்களும் கூலி வாங்காமல் போவதால் லாபியிஸ்டாகப் பதிய வேண்டியதில்லை.

குடியுரிமை இல்லாதவர்களும் பேசலாம், எழுதலாம். தேர்தல் நிதி கொடுப்பது வேறு விஷயம், அதற்குக் குறைந்தது கிரீன் கார்டு வேண்டும். நகர மன்றக் கூட்டத்துக்கு வரப் பெயரைப் பதியும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. பேசுவதற்கு நேரக் கட்டுப்பாடு இருந்தால், மொழிபெயர்ப்பாளரோடு பேசுபவருக்கு இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். ஆனால் ஒரு வியாபாரி தன் முகம் கேமராவில் தெரிய வேண்டாம் என்று நினைத்தால் அவரை வற்புறுத்தாதீர்கள். அவர் சொல்வதைப் பெயரில்லாமல் எழுதி வாங்கிக்கொண்டு, நீங்கள் வாசியுங்கள்.