சினைப்பசுவுக்கு வைட்டமின் ஈ போடலாமா?

கேள்வி: என் கலப்பினப் பசு 8 மாதச் சினை. போன ஈற்றில் நஞ்சுக்கொடி விழாமல் மூன்று நாள் தொங்கி நாறிப்போனது, பாலும் பாதியாகிவிட்டது. வைட்டமின் ஈ ஊசி போட்டால் இந்த முறை விழுந்துவிடும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். நாம் சாப்பிடும் மாத்திரையே போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். எதைக் கேட்பது?

பதில்: மாடு என்ன தின்கிறது என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே! விடை அதில்தான் இருக்கிறது.

பச்சைப் புல்லில் வைட்டமின் ஈ தாராளமாக உண்டு. அதே புல் காய்ந்து போரில் கிடந்தால் பெரும்பகுதி போய்விடும்; வைக்கோலில் பேருக்குத்தான் இருக்கும். பால் வற்றிய மாடுதானே என்று கடைசி இரண்டு மாதம் வெறும் வைக்கோலைப் போட்டுக் கட்டிவைக்கிறோம். இந்தச் சத்து அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான், நாளுக்குச் சுமார் 1000 அலகு. இப்படிப் பற்றாக்குறை உள்ள மாட்டுக்கு வைட்டமின் ஈ கொடுத்தால் கொடி தங்குவது குறையும், மடிநோயும் குறையும். பச்சைத் தீவனம் நன்றாகத் தின்னும் மாட்டுக்குப் பெரிய பலன் இருக்காது. அளவு கூடினால் கெடுதலும் வரலாம்: நெதர்லாந்தில் 5 பண்ணைகளில் வற்றிய மாடுகளுக்கு நாளுக்கு 3000 அலகு கொடுத்துப் பார்த்தார்கள். மடிநோய் கூடியதுதான் மிச்சம்; 2010இல் வெளியான ஆய்வு அது.

உங்கள் மாட்டுக்குக் கோ–4 தீவனப் புல்லும் கொஞ்சம் வேலிமசால் தழையுமாகத் தினம் 15–20 கிலோ போடுங்கள், தாது உப்புக் கலவை 50 கிராம் சேருங்கள். வெறும் வைக்கோல்தான் வழி என்றால், ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பு கால்நடை மருத்துவரிடம் வைட்டமின் ஈ–செலினியம் ஊசி ஒன்று போட்டுக்கொள்ளலாம். செலினியம் ஒரு தாதுச்சத்து, அளவு மீறினால் நஞ்சு. கடையில் வாங்கி நீங்களே திரும்பத் திரும்பப் போடாதீர்கள். மாத்திரை பற்றி: 400 அலகு என்று போட்ட மாத்திரையே தினம் இரண்டு மூன்று வேண்டும். இரண்டு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், புல் எவ்வளவு மலிவு என்று தெரியும்.

ஒன்று கேட்க வேண்டும். போன ஈற்றில் கன்று நாள் நிறையும் முன்பே விழுந்ததா? அப்படியானால் புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள், அதற்கு வைட்டமின் ஒன்றும் செய்யாது. கால்சியக் குறைவு, இரட்டைக் கன்று, கஷ்டப்பட்டு ஈனுவது இவற்றாலும் கொடி தங்கும்.

ஈன்று 12 மணி நேரம் ஆகியும் விழவில்லை என்றால் மருத்துவருக்குச் சொல்லுங்கள். கல்லைக் கட்டித் தொங்கவிடுவது, இழுப்பது எதுவும் வேண்டாம். கையுறை இல்லாமல் தொடவும் வேண்டாம், புருசெல்லோசிஸ் நமக்கும் ஒட்டும்.