வாசகர் கேள்வி பதில்: பீரங்கி எட்டிய தூரமும் பன்னிரண்டு கடல் மைலும்

ஐக்கிய நாடுகள் சபை பற்றிச் சென்ற இதழில் எழுதிய குறிப்பை வாசித்துவிட்டு, திருகோணமலை மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான கடிதங்கள் சர்வதேசச் சட்டத்தின் வேரைப் பற்றியே கேட்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*உயர்தர அரசறிவியல் பாடத்தில் சர்வதேசச் சட்டத்தின் தந்தை ஹியூகோ குரோசியஸ் என்று படிக்கிறோம். அவருக்கு முன்னர் நாடுகளுக்கிடையில் சட்டமே இருக்கவில்லையா, ஐயா?*
மாணவர், தம்பலகாமம்

இருந்தது, தம்பி. எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேசும் ஹிட்டைட்டு மன்னன் மூன்றாம் ஹட்டுசிலியும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையின் வாசகம் இன்றும் கிடைக்கிறது. அதன் நகலொன்று நியூயோர்க்கில் ஐ.நா. தலைமையகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அவ்வளவு தூரம் போகாமல் நம்முடைய புறநானூற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 9ஆம் பாடலில், பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி போர் தொடங்குமுன் பசுக்களையும் பார்ப்பனரையும் பெண்களையும் நோயாளரையும் புதல்வரைப் பெறாதவரையும் விளித்து, எம் அம்புகள் பாயப்போகின்றன, உங்கள் அரண்களுக்குப் போய்ச் சேருங்கள் என்று அறிவிக்கும் அறநெறியை நெட்டிமையார் பாடுகிறார். போரிடாதவருக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் போர்ச் சட்டம் பற்றிய ஜெனீவாச் சமவாயங்களில்தான் பிறந்தது என்று யாரேனும் சொன்னால் இந்தப் பாடலைக் காட்டலாம். ஆனால் அது ஓர் அரசன் தானாக மேற்கொண்ட அறம். அவனுடைய எதிரியையும் அதே அளவு கட்டுப்படுத்தும் பொது விதியாக அது நிலைபெற்றிருந்தது என்று பாடலை மட்டும் வைத்துக்கொண்டு நான் சொல்லமாட்டேன்.

குரோசியசுக்குத் தந்தை என்ற பெயர் வந்ததற்குக் காரணம், மதத் தலைவரின் ஆணையையோ ஒரு மன்னனின் விருப்பத்தையோ அடிப்படையாகக் கொள்ளாமல், எல்லா மக்களுக்கும் பொதுவான பகுத்தறிவின் மீதும் நாடுகளின் உடன்பாட்டின் மீதும் இச்சட்டத்தை நிறுத்த அவர் முயன்றமையாகும். ஸ்பானிய அறிஞர் விற்றோரியா போன்றோர் அதற்கு முன்னரே அந்த வழியில் நடந்திருந்தார்கள். பாடநூல் விட்டுவிடும் ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 1603இல் சிங்கப்பூர் நீரிணைக்கருகில் ஒல்லாந்தர் ஒரு போர்த்துக்கேயக் கப்பலைக் கைப்பற்றினார்கள். அதை நியாயப்படுத்தி எழுதும் பணி, இருபது வயதைத் தாண்டியிருந்த ஒல்லாந்துச் சட்டத்தரணி குரோசியசிடம் வந்தது. அவர் எழுதியதில் ஓர் அத்தியாயம் 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆசிரியர் பெயரில்லாமல் வெளியாயிற்று. கடல் எவருடைய சொத்தாகவும் ஆக முடியாது என்று வாதிடும் அந்தச் சிறு நூலில் நமது இலங்கையும் வருகிறது. ஜாவாவும் இலங்கையும் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மொலுக்காசின் பல தீவுகளும் தமக்கென அரசர்களையும் சட்டங்களையும் உடையவை, ஆகவே போர்த்துக்கேயர் அவற்றின் உரிமையாளர் ஆகமாட்டார் என்பது அவருடைய வாதம்.

அந்த வாதத்தை எழுதுவித்த ஒல்லாந்தர் பிறகு என்ன செய்தார்கள் என்பது திருகோணமலையில் இருக்கும் நமக்குத் தெரியும். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். குரோசியசின் பெருநூலான ‘போரினதும் சமாதானத்தினதும் சட்டம்’ வெளிவந்ததும் அதே காலத்தில்தான், 1625இல். 1639இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். கடல் எல்லோருக்கும் பொது என்று வாதிட்டவர்கள் கரையோர வணிகத்தைத் தமக்கு மட்டும் உரியதாக்கினார்கள். 1782 என்ற ஒரே ஆண்டில் இந்தத் துறைமுகம் சனவரியில் பிரித்தானியர் கைக்கும் ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் கைக்கும் போய், சமாதானம் வந்தபின் மீண்டும் ஒல்லாந்தரிடம் சேர்ந்தது. 1795இல் மறுபடியும் பிரித்தானியர் பிடித்ததை 1802ஆம் ஆண்டின் அமியன் உடன்படிக்கை சட்டப்படி உறுதிசெய்தது. அதில் பிரித்தானியாவும் பிரான்சும் ஸ்பெயினும் பத்தேவியக் குடியரசு என்று அன்று பெயர் பெற்றிருந்த ஒல்லாந்தும் கையொப்பமிட்டன. இந்தக் கரையில் வாழ்ந்த ஒருவரிடமும் எவரும் கேட்கவில்லை; அக்காலச் சட்டம் கேட்கும்படி சொல்லவும் இல்லை. ஐரோப்பாவில் நெடும்போரை முடித்த 1648ஆம் ஆண்டின் வெஸ்ட்பாலியா உடன்படிக்கைகள் வளர்த்ததாகச் சொல்லப்படும் இறைமைச் சமத்துவம் ஐரோப்பிய அரசுகளுக்குள்ளே மட்டும் வழங்கிய சமத்துவமாகவே நெடுங்காலம் இருந்தது. பரீட்சையில் தந்தையின் பெயரை எழுதுங்கள். அந்தப் பிள்ளை யாருடைய வீட்டில் வளர்ந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

*பன்னிரண்டு மைல், இருநூறு மைல் என்று சொல்கிறார்களே, இந்தக் கணக்கை யார் போட்டது? எல்லை தாண்டிப் பிடிபட்டால் எங்களுக்கு என்ன உரிமை?*
பலநாள் படகுத் தொழிலாளி, கிண்ணியா

திருகோணமலைப் பிரட்றிக் கோட்டைக்குள் கடலைப் பார்த்தபடி இருக்கும் பழைய பீரங்கியொன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள். இந்தக் கணக்கு தொடங்கியது அத்தகைய ஒரு பீரங்கியின் வாயில்தான். ஆயுதத்தின் வலிமை எங்கே முடிகிறதோ அங்கே கரையின் ஆட்சியும் முடிகிறது என்று ஒல்லாந்து அறிஞர் பின்கர்ஷூக் 1702இல் எழுதினார். குண்டு எட்டும் தூரத்தை மூன்று கடல் மைல் என்று வைத்துக்கொள்ளலாம் என இத்தாலியரான கலியானி 1782இல் எழுதினார். துப்பாக்கியும் கப்பலும் பெருத்த பிறகும் மூன்று மைல் நெடுங்காலம் நீடித்தது. மீன்வளமும் கடலடி எண்ணெயும் பெறுமதி பெற்றபோதுதான் நாடுகள் ஒவ்வொன்றும் தன்தன் விருப்பப்படி கடல் எல்லைக்கோட்டை வெளியே தள்ளத் தொடங்கின. அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது 1982ஆம் ஆண்டின் கடற்சட்டச் சமவாயம்.

அதன்படி, கரையின் அடிக்கோட்டிலிருந்து, அதாவது தூரத்தை அளக்கத் தொடங்கும் கரையோரக் கோட்டிலிருந்து, 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர் வரை நாட்டின் இறைமை செல்லும். பிறநாட்டுக் கப்பல் தீங்கு செய்யாமல் கடந்து போகலாம். 200 கடல் மைல் வரையுள்ள பொருளாதார வலயத்தில் மீனும் கனிமமும் கரையோர நாட்டுக்குரியவை, ஆனால் கப்பலோட்டம் எல்லோருக்கும் பொது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, சமவாயத்தின் 73ஆம் உறுப்புரையை நினைவில் வைத்திருங்கள். இன்னொரு நாட்டின் பொருளாதார வலயத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்காகப் பிடிபட்டால், நியாயமான பிணை கொடுத்தவுடன் படகையும் ஆட்களையும் விரைவாக விடுவிக்க வேண்டும். நாடுகளுக்கிடையில் வேறு இணக்கம் இல்லாவிட்டால் சிறைத் தண்டனை விதிக்கக் கூடாது. படகு எந்த நாட்டினதோ அந்த நாட்டுக்கு உடனே அறிவிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு 12 மைலுக்கு உள்ளே பிடிபட்டவருக்குக் கிடையாது. ஆகவே எந்த இடத்தில் படகு நின்றது என்பதே வழக்கின் உயிர்நாடி. ஜிபிஎஸ் கருவியில் பதிந்திருக்கும் பாதையை அழித்துவிடாதீர்கள்.

*சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி 1987இல் எழுதப்பட்டவை வெறும் கடிதங்கள்தானே, அவை எப்படி ஒரு நாட்டைக் கட்டுப்படுத்தும்?*
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், திருகோணமலை நகர்

1987 ஜூலை 29ஆம் திகதி இலங்கை இந்திய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, ஜே.ஆர். ஜயவர்தனவும் ராஜீவ் காந்தியும் கடிதங்களையும் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான விதத்தில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடுவதில்லை என்பதும், எண்ணெய்த் தாங்கித் தொகுதியை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைத்து இயக்கும் என்பதும் அக்கடிதங்களில் உள்ளன.

தாளின் தலைப்பில் என்ன பெயர் இருக்கிறது என்பதைச் சர்வதேசச் சட்டம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டின் வியன்னாச் சமவாயம், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், ஒரே ஆவணத்தில் இருந்தாலும் பலவற்றில் இருந்தாலும், சர்வதேசச் சட்டத்துக்கு அமைய நாடுகள் எழுத்தில் செய்துகொள்ளும் உடன்பாடு உடன்படிக்கையே என்று வரையறுக்கிறது. கட்டாருக்கும் பஹ்ரைனுக்கும் இடையிலான வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 1994இல் இதை நடைமுறையில் காட்டியது. பரிமாறிய கடிதங்களோடு ஒரு கூட்டத்தில் கைச்சாத்தான குறிப்பையும் அது கட்டுப்படுத்தும் உடன்பாடாக ஏற்றது, அதை அரசியல் குறிப்பென்றே கருதினேன் என்று பஹ்ரைன் அமைச்சர் சொன்னதைப் பொருட்படுத்தவில்லை. எழுதுவினைஞராக ஆயிரம் கடிதங்களைக் கோப்பில் போட்டிருக்கும் உங்களுக்கு, கையெழுத்தின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

*ஹேக் நகரில் இரண்டு நீதிமன்றங்கள் இருக்கின்றனவாமே?*
வாசகி, நிலாவெளி

சர்வதேச நீதிமன்றம் ஐ.நா. பட்டயத்தோடு 1945இல் உருவானது. 15 நீதிபதிகள், நாடுகளுக்கிடையிலான வழக்குகள் மட்டும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 1998ஆம் ஆண்டின் ரோம் நியதிச்சட்டத்தால் ஏற்பட்டு 2002 ஜூலை 1 முதல் இயங்குகிறது, தனிமனிதரை விசாரிக்கிறது. ரோம் நியதிச்சட்டத்தில் இலங்கை சேரவில்லை.

*பொலிஸ் இல்லாத சட்டத்தை எப்படிச் சட்டம் என்பது? எங்கள் பிள்ளைகளைத் தேடித் தெருவில் நிற்கும் எங்களுக்கு அதனால் என்ன கிடைத்தது?*
தாய், மூதூர்

அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். பொய்யான நம்பிக்கை தரும் பதில் எதையும் எழுதமாட்டேன்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. மருத்துவக் கப்பலைத் தாக்கலாகாது என்ற ஹேக் விதியைப் பாதுகாக்க அன்று நடுக்கடலில் எந்தப் பொலிசும் இருக்கவில்லை. 2009 பெப்ரவரி முதல் வன்னிக் கரையிலிருந்து காயமுற்றோரைச் செஞ்சிலுவைக் குழுவின் கொடியோடு கப்பல் ஏற்றிவந்து இந்தத் துறைமுகத்தில் இறக்கியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கப்பல் வந்ததும் சட்டத்தால்தான். அதில் ஏற முடியாமல் போனவர்களுக்கு அதே சட்டம் கிட்டாமல் போனதும் உண்மைதான். இரண்டையும் நான் மறைக்க விரும்பவில்லை.

சட்டம் உங்கள் வாசலில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் ஒரு சர்வதேச உடன்படிக்கையில் அரசு கையொப்பமிட்டால் மட்டும் போதாது. பாராளுமன்றம் அதைச் சட்டமாக்கினால்தான் இங்குள்ள நீதிமன்றம் அதைச் செயற்படுத்தும். ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிமனிதர் முறையிட வழிசெய்யும் நெறிமுறையில் இலங்கை 1997இல் சேர்ந்தது அரசியலமைப்புக்கு முரணானது என்றே நமது உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. ஆகவே உங்கள் விடயத்தில் முக்கியமான திகதிகள் இரண்டு. வலிந்து காணாமல் ஆக்கப்படுதலுக்கு எதிரான சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது 2016இல். அதற்கான உள்நாட்டுச் சட்டம், 5ஆம் இலக்கச் சட்டமாக வந்தது 2018இல். அந்தச் சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, காணாமல் ஆக்கப்பட்டவரை மட்டுமன்றி அதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட உங்களையும் பாதிக்கப்பட்டவர் என்றே அழைக்கிறது. என்ன நடந்தது என்ற உண்மையை அறிவது உங்கள் உரிமை என்கிறது. இக்குற்றம் தொடர்ந்து நிகழும் இயல்புடையதால், வழக்குத் தொடர்வதற்கான கால எல்லை எதையும் அது முடிவுக்கு வந்த நாளிலிருந்தே எண்ண வேண்டும் என்கிறது 8ஆம் உறுப்புரை. இத்தனை வருடமாகிவிட்டது, இனி என்ன என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்த உறுப்புரையின் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். பதில் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்பது இரக்கமன்று, உரிமை என்பதை எழுத்தில் காட்டலாம்.

*இந்தச் சட்டத்தை எழுதியதில் நம் நாட்டவர் யாருக்காவது பங்குண்டா?*
நூலகர், கந்தளாய்

பெரிய பங்கு உண்டு. கடற்சட்டச் சமவாயத்தை உருவாக்கிய ஐ.நா. மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் மறையும் வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி ஹமில்டன் அமரசிங்க. வங்காள விரிகுடாவின் தென்பகுதியில் கடலடிப் படிவுகள் மிகத் தடித்தவை என்பதால், கரையிலிருந்து கடலடியில் நீண்டு செல்லும் நிலப்பகுதியான கண்டமேடையின் வெளி விளிம்பைக் கணிக்க அப்பகுதிக்கென ஒரு தனிமுறையையும் மாநாடு ஏற்றது. அமியனில் நம்மைக் கேளாமல் கரையைக் கைமாற்றியவர்களின் மேசைக்கும் இந்த மேசைக்கும் இடையில் ஏறத்தாழ 180 ஆண்டுகள் கடந்திருந்தன.

மற்றவர் நீதியரசர் கிறிஸ்டோபர் வீரமந்திரி. 1991 முதல் 2000 வரை சர்வதேச நீதிமன்றத்தில் இருந்தவர். தன்யூப் நதியில் அணை கட்டுவது பற்றி ஹங்கேரியும் சிலோவாக்கியாவும் வழக்காடியபோது, அபிவிருத்தியும் இயற்கையும் இணைந்து போக வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு ஆதாரம் தேடி அவர் இலங்கையின் பழைய குளங்களுக்கு வந்தார். மழையின் ஒரு துளியும் மனிதனுக்குப் பயன்படாமல் கடலில் சேரக் கூடாது என்ற பராக்கிரமபாகுவின் கருத்து, 1997இல் அவர் எழுதிய தனிக் கருத்துரையில் இடம்பெற்றிருக்கிறது. நீர்ப்பாசனம் படிக்க உங்கள் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளைக் கந்தளாய்க் குளக்கட்டுக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, அங்கே வைத்து அந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டுங்கள்.