93–89: ஒரு பாக்ஸ் ஸ்கோர், பல கேள்விகள்

இந்த முறை ஒரே ஒரு ஆட்டம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2016 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், ஜூன் 19, ஓக்லாந்து. கிளீவ்லாந்து கேவலியர்ஸ் 93, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 89. பாக்ஸ் ஸ்கோரில், அதாவது ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளில், என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். ஒரு வேண்டுகோள் மட்டும்: சதவீதம் எழுதினால் எத்தனை முயற்சி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: சார், ஷூட்டிங் கணக்கைப் பார்த்தால் வாரியர்ஸ்தான் மேல் என்று தெரிகிறது. அப்புறம் எப்படித் தோற்றார்கள்?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். கேவலியர்ஸ் 82 முயற்சியில் 33 போட்டார்கள், வாரியர்ஸ் 83-இல் 32. கிட்டத்தட்ட சமம். ஆனால் வாரியர்ஸ் போட்டவற்றில் 15 மூன்று புள்ளிப் பந்துகள் (41 முயற்சி). கேவலியர்ஸுக்கு அது 25-இல் 6 மட்டும். அதனால் ஃபீல்டு கோலில் (ஃப்ரீ த்ரோ தவிர்த்த கூடைகளில்) மட்டும் வாரியர்ஸுக்கு 79 புள்ளி, கேவலியர்ஸுக்கு 72. ஏழு புள்ளி முன்னிலை.

இப்போது ஃபவுலுக்குக் கிடைக்கும், ஒரு புள்ளி மதிப்புள்ள ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். கேவலியர்ஸ் 25-இல் 21, வாரியர்ஸ் 13-இல் 10. அங்கே பதினொரு புள்ளி திரும்பி வந்துவிட்டது. பதினொன்றில் ஏழு போனால் நான்கு. ஆட்டத்தின் வித்தியாசமே அந்த நான்குதான். முயற்சிகளில் பாதியைத் தொலைவிலிருந்து எறியும் அணிக்கு ஃபவுல் கிடைப்பது குறையும். கூடைக்குக் கீழே முட்டி மோதிப் போகிறவனைத்தான் தடுக்கப் பார்த்து அடிப்பார்கள். கேவலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் ஒருவரே பத்து ஃப்ரீ த்ரோ எடுத்து எட்டைப் போட்டார்.

கேள்வி: லெப்ரான் 24 முயற்சிக்கு 9தான். மோசமான ஆட்டம் என்று சொல்லலாமா?

பதில்: சொல்ல முடியாது. ஷூட்டிங் சுமார், அதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று புள்ளியின் கூடுதல் மதிப்பையும் ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பார்க்கும் ட்ரூ ஷூட்டிங்கில் 47.5 சதவீதம்தான் வருகிறது. ஆனால் 27 புள்ளி, 11 ரீபவுண்டு (தவறிய பந்தைப் பிடிப்பது), 11 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்), 3 பிளாக் (எதிராளி எறிந்ததைத் தடுப்பது), 2 ஸ்டீல் (பந்தைப் பறிப்பது). ஷூட்டிங் அந்த வரிசையில் ஒரு கட்டம், அவ்வளவுதான்.

கேள்வி: ட்ரூ ஷூட்டிங் கணக்கில் ஃப்ரீ த்ரோவை 0.44-ஆல் பெருக்குகிறார்களே, ஏன் அண்ணா? பாதி என்றால் 0.5 தானே?

பதில்: இரண்டு ஃப்ரீ த்ரோ சேர்ந்து ஒரு வாய்ப்பு என்றால் 0.5 சரி. ஆனால் கூடையும் விழுந்து ஃபவுலும் கிடைத்தால் ஒரு ஃப்ரீ த்ரோ கூடுதலாக வரும், புது வாய்ப்பு செலவாகாது. நடத்தை மீறலுக்குக் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுலும் அப்படித்தான். மூன்று புள்ளி எறியும்போது ஃபவுல் என்றால் ஒரே வாய்ப்பில் மூன்று. இவற்றையெல்லாம் சராசரியாக்கினால் 0.44 அருகே வரும்.

கேள்வி: வாரியர்ஸின் ஸ்டெஃப் கரி 14 மூன்று புள்ளியில் 4. பெரிய ஆட்டத்தில் கை நடுங்கிவிட்டது என்கிறார்களே?

பதில்: அந்த சீசனில் கரி 886 எறிந்து 402 போட்டவர். அந்த விகிதத்தில் 14 எறிந்தால் ஆறு விழ வேண்டும், நான்கு விழுந்தது. வித்தியாசம் இரண்டே பந்து. இரண்டு பந்தை வைத்து ஒருவருடைய மன உறுதிக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். அந்த இரண்டும் விழுந்திருந்தால் ஆறு புள்ளி, கோப்பை வாரியர்ஸின் அன்றைய ஊரான ஓக்லாந்தில் இருந்திருக்கும் என்பதும் உண்மைதான். அதே அணியின் கிளே தாம்ப்சன் மூன்று புள்ளியில் 10-க்கு 2 போட்டதை ஏனோ யாரும் கேட்பதில்லை.

கேள்வி: கேவலியர்ஸின் கெவின் லவ் வெறும் 9 புள்ளி. ஆனால் பிளஸ்-மைனஸில் +19. அப்படியானால் அவர்தான் சிறந்த வீரரா?

பதில்: இல்லை. லவ் களத்தில் இருந்தபோது அணி 19 புள்ளி மேலே இருந்தது என்பது மட்டுமே அதன் பொருள். கூட நின்ற நால்வரும் எதிரே நின்ற ஐவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். ஒரே ஆட்டத்தின் பிளஸ்-மைனஸை வைத்து வாதாடக் கூடாது, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் லவ் எடுத்த 14 ரீபவுண்டு கெட்டியான எண். கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே கரியை விடாமல் மறித்து நின்றாரே, அதற்கு பாக்ஸ் ஸ்கோரில் கட்டமே கிடையாது. கரி தவறவிட்ட ஒரு ஷாட் என்றுதான் பதிவாகும்.

கேள்வி: வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் 32 புள்ளி, 15 ரீபவுண்டு, 9 அசிஸ்ட். எம்விபி (மிகச் சிறந்த வீரர் விருது) அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

பதில்: அன்றைய ஆட்டத்தின் மிகச் சிறந்த ஷூட்டிங் அவருடையதுதான். 15-க்கு 11, மூன்று புள்ளியில் 8-க்கு 6, ஃப்ரீ த்ரோ 4-க்கு 4. ட்ரூ ஷூட்டிங் 95 சதவீதத்துக்கும் மேல். ஆனால் எம்விபி தொடர் முழுவதற்குமான விருது.

கேள்வி: மறுபடியும் நான்தான். தோற்ற அணிக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா? 1969-இல் ஜெரி வெஸ்டுக்குக் கொடுத்தார்களே?

பதில்: நல்ல வாதம், அப்படி விதி இல்லை. அந்த விருதை முதன்முதலில் கொடுத்த ஆண்டு 1969. வெஸ்டின் லேக்கர்ஸ் அணி ஏழாவது ஆட்டத்தில் செல்டிக்ஸிடம் 108–106 என்று தோற்றது, வெஸ்ட் அன்று 42 புள்ளி, 13 ரீபவுண்டு, 12 அசிஸ்ட் எடுத்தார். தோற்ற அணியிலிருந்து அந்த விருதை வாங்கியவர் இன்றுவரை அவர் ஒருவர்தான்.

ஆனால் கிரீன் ஐந்தாவது ஆட்டத்தில் தடையால் ஆடவில்லை. எதிரே லெப்ரான் ஏழு ஆட்டத்தில் 208 புள்ளி, 79 ரீபவுண்டு, 62 அசிஸ்ட், 18 ஸ்டீல், 16 பிளாக். இந்த ஐந்திலும் இரு அணியையும் சேர்த்து அவரே முதலிடம், ஒரு பிளேஆஃப் தொடரில் அதற்கு முன் யாரும் செய்யாதது. வாக்களித்த எல்லோரும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

கேள்வி: ஒரு அசிஸ்ட் கூடியிருந்தால் கிரீனுக்கு ட்ரிபிள் டபுள் (மூன்று பிரிவில் பத்து அல்லது அதற்கு மேல்). அப்போதும் இதையே சொல்வீர்களா?

பதில்: சொல்வேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே இருப்பது ஒரு அசிஸ்ட் மட்டுமே. நண்பன் அந்தப் பாஸைக் கூடையில் போட்டானா இல்லையா என்பது கிரீன் கையில் இல்லை. அவர் ஆட்டத்தை நானும் ரசித்துத்தான் பார்த்தேன், தம்பி.

கேள்வி: கேவலியர்ஸின் கைரி இர்விங் பாயிண்ட் கார்டு (பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தை நடத்துபவர்), ஆனால் ஒரே ஒரு அசிஸ்ட்?

பதில்: அன்று அவர் வேலை புள்ளி எடுப்பது: 23-க்கு 10, மொத்தம் 26.

கேள்வி: லெப்ரான் 24-க்கு 9 மோசம்தானே?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: இன்றைய ஃபேன்டசி டீமுக்கு யாரை கேப்டனாகப் போடலாம்?

பதில்: பணம் கட்டும் விளையாட்டுக்கு நான் ஆள் சொல்வதில்லை.

கேள்வி: வாரியர்ஸின் இகுடாலாவை லெப்ரான் தடுத்த அந்த பிளாக், புள்ளிவிவரத்தில் எப்படிப் பதிவாகும்?

பதில்: லெப்ரானுக்கு ஒரு பிளாக், இகுடாலாவுக்கு ஒரு தவறிய ஷாட். முடிந்தது. ஆட்டம் முடிய 1 நிமிடம் 50 வினாடி இருக்கும்போது, 89–89 சமநிலையில், களத்தின் மறுகோடியிலிருந்து ஓடி வந்து பலகையில் வைத்து அறைந்த அடி அது. இடையில் கேவலியர்ஸின் ஜே.ஆர். ஸ்மித் குறுக்கே போய் இகுடாலாவைக் காற்றில் ஒரு கணம் தாமதிக்க வைத்தார். அந்த ஒரு கணம் இல்லையென்றால் லெப்ரானால் எட்டியிருக்க முடியாது. ஸ்மித்துக்கு அதற்காக ஒன்றும் பதிவாகவில்லை. பந்தைக் கொடுத்த கரிக்கும் ஒன்றுமில்லை, கூடை விழாததால் அது அசிஸ்ட் ஆகாது. அதனால்தான் காகிதத்தைப் பார்த்த பிறகு வீடியோவையும் பாருங்கள் என்று கெஞ்சுகிறேன்.

கேள்வி: 24-க்கு 9 என்பது 37.5 சதவீதம்...

பதில்: இந்தக் கேள்விக்கு இனி பதில் இல்லை.

கேள்வி: கல்லூரி அணிக்கு ஸ்கோர் எழுதுகிறேன் ஐயா. எங்கள் ஆட்டம் 40 நிமிடம், என்பிஏ 48. எண்களை எப்படி ஒப்பிடுவது?

பதில்: ஒரு வீரர் எடுத்ததை அவர் ஆடிய நிமிடத்தால் வகுத்து 40-ஆல் பெருக்குங்கள். என்பிஏ வீரருக்கும் அதையே செய்யுங்கள். ஐந்து நிமிடம் ஆடியவருக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள், எண் ஊதிப் பெருத்துவிடும்.

கேள்வி: ஏழு ஆட்டத்தின் மொத்தப் புள்ளியும் கடைசி நிமிடம் வரை சமமாக இருந்தது என்று படித்தேன். நிஜமா?

பதில்: நிஜம். முதல் ஆறு ஆட்டத்தையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். கேவலியர்ஸ் 89, 77, 120, 97, 112, 115. வாரியர்ஸ் 104, 110, 90, 108, 97, 101. இரண்டும் 610. ஏழாவது ஆட்டம் 4 நிமிடம் 39 வினாடி இருக்கும்போது 89–89 ஆனது, அதாவது தொடர் முழுக்க 699–699. அதற்கு மேல் வாரியர்ஸுக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை. 53 வினாடி இருக்கும்போது இர்விங், கரியின் கைக்கு மேலே மூன்று புள்ளி எறிந்தார். 10.6 வினாடி இருக்கும்போது லெப்ரான் இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைப் போட்டார். 703–699.