சரளைச் சாலை நடைக்கு எந்த ஷூ வாங்குவது?

கேள்வி: வண்டிப் போக்குவரத்து நின்றுபோன பழைய சரளைச் சாலை ஒன்றின் வழியே, காட்டுக்குள் இரண்டு நாள் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத பூட்ஸ்தான் இதற்கு வேண்டும் என்று கடையில் வற்புறுத்துகிறார்கள். சாதாரண நடை ஷூவைவிட அதற்கு இரு மடங்கு விலை. அவ்வளவு செலவழிக்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. வண்டிகள் ஓடுவதற்காகப் போட்ட சாலை என்பதால் அதன் ஏற்ற இறக்கங்கள் பெரும்பாலும் சீராகவே இருக்கும். அங்கே காலைச் சோதிப்பவை இறுகிக் கெட்டிப்பட்ட தரையும் அதன்மேல் உருளும் கூரிய ஜல்லியும்தான். மண் பாதையில் ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு விதமாக விழும்; இத்தகைய சாலையிலோ ஒரே மாதிரியான அடி ஆயிரக்கணக்கான முறை விழுவதால் உள்ளங்காலும் குதிகாலும் முதலில் நோகத் தொடங்கும். எனவே ஷூவின் உயரத்தைவிட அதன் சோலுக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்க வேண்டும்.

கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். ஒரு கையை ஷூவுக்குள் விட்டு, முன்பாதம் படியும் இடத்தில் வைத்துக்கொண்டு, மறு கையின் விரல் முட்டியால் அடியிலிருந்து பலமாக அழுத்துங்கள். முட்டியின் கூர்மை உள்ளங்கையில் அப்படியே உறைத்தால், ஜல்லியும் அப்படித்தான் உறைக்கும். அந்த ஷூவை வாங்காதீர்கள். பிறகு இரு முனைகளையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டுமே தவிர, நடுவில் மடியக் கூடாது.

காலில் கூடும் ஒரு கிலோ எடை, முதுகில் ஏறத்தாழ ஐந்து கிலோ சுமப்பதற்குச் சமமான உழைப்பைக் கேட்கும். கனமான பூட்ஸ் வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். முன்பு கணுக்கால் பிசகியவர்களும் பெரும் சுமை தூக்குபவர்களும் மட்டும் உயரமானதைப் பரிசீலிக்கலாம். தண்ணீர் புகாத உறை ஈரப்புல்லிலும் தூறலிலும் உதவும் என்பது உண்மைதான். ஆனால் பழைய சாலைகளில் மதகு இடிந்து ஓடை குறுக்கே பாயும் இடங்களில் தண்ணீர் மேல் விளிம்பு வழியாக உள்ளே வந்துவிட்டால், அதே உறை ஈரத்தை எளிதில் வெளியே விடாது.

நடக்க நடக்கப் பாதம் வீங்கும் என்பதால் மாலையில், நடைக்குரிய சாக்ஸுடன், போட்டுப் பாருங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்துவைத்துக் கொப்புளம் உண்டாக்கும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. மிச்சப்படும் பணத்தில், பொடிக்கல் உள்ளே விழாமல் ஷூவின் வாயை மூடும் கெய்ட்டர் ஒரு ஜோடி வாங்குங்கள். சரளையில் அதன் அருமை தெரியும்.

கேள்வி: பல வருடங்களாக விற்காமல் கிடந்த ஷூவைப் பாதி விலைக்குத் தருகிறார்கள். பார்க்கப் புதிதாகவே இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: சோலின் இடையடுக்கு எதனால் ஆனது என்று முதலில் கேளுங்கள். பாலியூரித்தேன் நுரை, யாரும் அணியாமல் பெட்டிக்குள்ளேயே இருந்தாலும் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்துவரும். பார்வைக்குக் குறையே தெரியாத ஷூவின் சோல், நடக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே பொடிந்து பிரிந்துவிடக்கூடும். காட்டின் நடுவே அப்படி நேர்ந்தால் மாற்று வழி கிடையாது. நாக்குப் பகுதியின் உட்புற லேபிளில் பெரும்பாலும் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். ஐந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் தவிர்ப்பதே நல்லது. எதை வாங்கினாலும், ரசீதைப் பத்திரப்படுத்தி, முதல் சில நாட்கள் வீட்டுக்குள் சுத்தமான தரையில் மட்டும் போட்டு நடங்கள். சோலில் கீறல் விழுந்த ஜோடியை மாற்றித் தரப் பெரும்பாலான கடைகள் மறுத்துவிடும்.